ஆடி முடித்ததும் பேச வேண்டும்: ஒரு நாடகக் குழுவுக்கு ஏற்ற உடல் பயிற்சி எது?

முந்திரி மரம் சாய்கிற காட்சி அது. எங்கள் குழுவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, இரண்டு கைகளையும் கிளைகளாக விரித்து நின்றார். காற்று அறைய அறைய இடுப்பிலிருந்து முறுக்கிக்கொண்டு, கடைசியில் வேரோடு பெயர்ந்ததுபோல் மண்ணில் விழுந்தார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. விழுந்த மரம் மறுகணமே அந்தத் தோப்பின் சொந்தக்காரியாக எழுந்து, "முப்பது வருஷத்து மரம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுந்தார். வாய் அசைந்தது. பத்தடி தள்ளி நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டி வட்டாரத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் ஒரே காலையில் படுத்துவிட்டன. அதைப் பற்றி 50 நிமிட நாடகம் ஒன்றை அதே வட்டாரத்து ஊர்த்திடல்களில் போடுவதாக முடிவு செய்திருக்கிறோம். திரைச்சீலை இல்லை, தட்டி இல்லை, மேடைப் பொருள் எதுவும் இல்லை. காற்று, மரம், பறக்கிற தகரக் கூரை, சாய்கிற மின்கம்பம், மறுநாள் நிவாரண வரிசையில் நிற்கிற மனிதர் எல்லாமே 11 பேரின் உடல்கள்தான். ஆசிரியர் இருவர், வங்கி ஊழியர் ஒருவர், கல்லூரி மாணவ மாணவியர், தையல் கடை அக்கா, இன்னும் இரண்டு ஆண்டில் ஓய்வு பெறப்போகும் மின்வாரிய அண்ணன் ஒருவர் என்று கலவையான குழு. சனி, ஞாயிறு காலைகளில் இரண்டிரண்டு மணி நேரம்தான் எல்லோருக்கும் ஒத்துவருகிறது. செப்டம்பர் தொடங்கி 12 வாரம். ஆக மொத்தம் 48 மணி நேரம்.

அந்த 48 மணி நேரத்தை எந்தப் பயிற்சியில் செலவிடுவது என்பதுதான் கேள்வி. புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில் வாய்ப்பு ஏராளம். அதனாலேயே குழப்பமும் ஏராளம். ஒரு மாதமாக விசாரித்தேன். சிலவற்றை நேரில் போய்ப் பார்த்தேன். சிலவற்றை ஒரு காலைப் பொழுதாவது குழுவாகச் செய்து பார்த்தோம். இதே நிலையில் நிற்கும் பிற குழுக்களுக்கும் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டேன். அந்தப் பயிற்சியின் கடினமான அசைவைச் செய்து முடித்த கையோடு, அறுபது அடி தள்ளி நிற்பவருக்குக் கேட்கும்படி ஒரு முழு வாக்கியத்தைச் சொல்ல முடிய வேண்டும். மூட்டு வலி, ஆசிரியர் கிடைப்பது, செலவு ஆகியவை அதற்குப் பிறகுதான். ஆடும்போது அழகாக இருந்து, பேசும்போது தொண்டையை அடைத்துக்கொள்கிற உடலால் எங்கள் நாடகத்துக்குப் பயனில்லை.

இதில் தமிழ் மேடைக்கென்று ஒரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று நாம் வணங்கும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 இல் புதுச்சேரியில்தான் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. அவர் வளர்த்துக் கொடுத்த மரபு குரலின் மரபு. பாட்டும் தர்க்கமும் சந்தமும் அதன் உயிர். பின்னாளில் மேடைக்கு ஒலிவாங்கி வந்தபோது நடிகர் அதன் முன்னால் வந்து நிற்கப் பழகிக்கொண்டார். கால் ஓரிடத்தில் ஊன்றிவிட்டது. பிறகு நவீன நாடகம் உடலைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் அந்த வேகத்தில் பல குழுக்களில் குரல் கரைந்துவிட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன். உருளுகிறார்கள், பாய்கிறார்கள், கூட்டமாக அலையாக எழுகிறார்கள். வசனம் வரும்போது முணுமுணுக்கிறார்கள். எங்கள் அக்காவுக்கு நடந்ததும் அதுதான். இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கற்றுக் கொடுக்கிற பயிற்சி எது என்று தேடியதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

விசாரித்தவுடன் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்னது யோகா. புதுச்சேரியில் அது இயல்புதான். தெருவுக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார், செலவு குறைவு, 58 வயதுக்காரரும் 19 வயதுக்காரரும் ஒரே விரிப்பு வரிசையில் உட்காரலாம். முதுகுத்தண்டு இளகுகிறது, விலா விரிகிறது. இவை நடிகருக்குப் பொன்னான விஷயங்கள். இருந்தும் யோகாவையே முதன்மைப் பயிற்சியாக வைக்க நான் சம்மதிக்கவில்லை. போலந்து நாட்டு நாடக நெறியாளர் யெர்சி குரோட்டோவ்ஸ்கி இந்தச் சிக்கலை 1960களிலேயே கண்டு சொல்லியிருக்கிறார். அவர் தம் நடிகர்களுக்கு யோகாவைக் கொடுத்துப் பார்த்தார். அது தருகிற ஒருமுனைப்பு உள்நோக்கிப் போவதையும், வெளிப்பாட்டை அணைத்துவிடுவதையும் கண்டு, முதுகெலும்புக்கு உதவும் சில நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். நாங்கள் ஒரு காலையில் முக்கால் மணி நேரம் ஆசனம் செய்துவிட்டு ஒத்திகைக்குப் போனபோது அதே அனுபவம்தான் எங்களுக்கும். எல்லோர் முகத்திலும் அமைதி. ஆனால் பக்கத்தில் நிற்பவரின் தோள் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கூரை பறக்கிற காட்சியில் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். யோகா செய்பவரின் வேலை தன்னுள் போவது. நடிகருக்கோ கண் திறந்திருக்க வேண்டும், முதுகுக்கும் காது முளைத்திருக்க வேண்டும். ஆகவே யோகாவுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் முதல் 15 நிமிடம் கொடுப்பது போதும் என்பது என் முடிவு.

அடுத்தது கேரளத்துப் போர்க்கலையான களரிப்பயிற்று. இதைப் பற்றிப் பேசும்போது ஆரோவில் பக்கத்தில் இருக்கும் ஆதிசக்தியைத் தவிர்க்க முடியாது. வீணாபாணி சாவ்லா 1981 இல் மும்பையில் தொடங்கி, 1993 இல் இந்தப் பக்கம் கொண்டுவந்த நாடகக் களம் அது. 2014 இல் அவர் மறைந்த பிறகும், அவரிடம் வளர்ந்த வினய் குமார் முதலானோர் அதைத் தொடர்கிறார்கள். நடிகரின் உடலைக் களரியில் தீட்டி, உணர்ச்சிக்கும் மூச்சுக்கும் உள்ள உறவைக் கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்திலிருந்து எடுத்து, தாளத்தை அதன் முரசான மிழாவின் முழக்கத்திலிருந்து பெற்று, எல்லாவற்றையும் இன்றைய நாடகத்துக்கு உரிய பயிற்சியாக அவர்கள் வகுத்திருக்கிறார்கள். கூடியாட்டத்தில் கோபத்துக்கு ஒரு மூச்சு, அச்சத்துக்கு ஒரு மூச்சு என்று தனித்தனிப் பழக்கம் உண்டு. முகத்தை மாற்றுவதற்கு முன் மூச்சை மாற்றுவார்கள். முகம் தானே பின்தொடரும். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளே இருக்கும் உணர்வு மெய்யில், அதாவது உடம்பில், தோன்றுவது மெய்ப்பாடு. அந்தச் சொல்லுக்கு ஒரு செய்முறை விளக்கம் வேண்டும் என்றால் கூடியாட்டக் கலைஞரின் மூச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் போதும்.

களரி தருவது என்ன? பாரம்பரியக் களரி 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட, தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய மண்தளம். முதலில் மெய்த்தாரி என்ற உடற்பயிற்சி, உடம்பு வசப்பட்ட பிறகுதான் கோலும் வாளும் கைக்கு வரும். யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என்று விலங்குகளின் பெயரில் வடிவுகள். நடிகருக்கு இவற்றால் வரும் பெரிய லாபம், எடை கீழே இறங்குவது. தாழ்ந்து நிற்கவும், தாழ்ந்த நிலையிலிருந்து ஓசையின்றி எழும்பவும், எழும்பிய இடத்திலேயே வந்து ஊன்றவும் கால் பழகுகிறது. உடம்பு முழுவதும் கண்ணாக வேண்டும் என்பது களரியில் சொல்லும் வாக்கு. நான் மேலே கேட்ட 'முதுகுக்குக் காது' அங்கே நிச்சயம் கிடைக்கும்.

எங்களுக்கு அது ஏன் ஒத்துவரவில்லை என்றால், காலம் போதாது. சிறு வயதில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் பழக வேண்டிய கலை அது. தங்கிப் பயிலும் பட்டறைக்குப் போகலாம் என்றால் நாள்கணக்கில் விடுப்பு எடுக்க வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு வர அக்காவால் முடியாது. ஆழமாக முட்டி மடக்கும் வடிவுகளை 58 வயது மூட்டுகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கொடுப்பது ஆபத்தும்கூட. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வயது இருபதுகளில் இருந்து, நாடகத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள நினைப்பவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். எங்கள் குழுவின் இரண்டு மாணவர்களை அப்படி ஒரு பட்டறைக்கு அனுப்பப் பணம் ஒதுக்கியிருக்கிறோம். காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தில், சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. முறையாகப் பட்டம் படிக்க விரும்புபவர்களுக்கு அந்த வழியும் உண்டு.

சிலம்பம் கடலூரில் எளிதாகக் கிடைக்கிறது. காலடி வரிசை மிக நல்ல பயிற்சி. எட்டு வைத்துத் திரும்பும் ஒழுங்கு இரண்டே வாரத்தில் காலில் ஏறிவிடும். ஆனால் கோலைக் கீழே வைத்ததும் தொடக்க நிலை மாணவரின் உடம்பு பழையபடி தளர்ந்துவிடுகிறது. பார்ப்பவரின் கண்ணும் கோலோடு போய்விடுகிறது. கோல் ஏந்தும் பாத்திரம் இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் நாடகத்தில் அப்படி யாரும் இல்லை.

பரதநாட்டியத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும், அதன் மீது எனக்குள்ள மதிப்பு குறைவு என்பதால் அல்ல. தெற்கே சிதம்பரத்தின் கோபுர வாயில்களில் கரணங்கள் எனப்படும் 108 நடன நிலைகளும் கல்லில் நிற்கின்றன. உடம்பால் என்னென்ன முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடநூல் நம் மாவட்டத்தில் இல்லை. குழுவோடு ஒருநாள் போய் நின்று பார்க்கப் போகிறோம். ஆனால் அந்தக் கலை தன் முத்திரையை உடலில் ஆழமாகப் பதிக்கிறது. எங்கள் மாணவி ஒருத்தி பத்து வருடம் ஆடியவள். அவள் முந்திரி மரமாக நின்றால் மரத்துக்கு முட்டி மடங்கிய அரைமண்டி நிலை வந்துவிடுகிறது, கிளை நுனியில் பதாகக் கை முத்திரை மலர்கிறது. அவளுக்கு அதை மறக்கச் சொல்லிக் கொடுப்பதே ஒரு வேலையாக இருக்கிறது.

மேலைநாட்டு உடல்மொழி நாடகப் பயிற்சிகளை எடுத்துக்கொண்டால், இங்கே வார இறுதிப் பட்டறைகள் அடிக்கடி நடக்கின்றன. பாரிசில் 1956 இல் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக்கின் நடுநிலை முகமூடிப் பயிற்சி, ரஷ்ய நாடக நெறியாளர் மேயர்ஹோல்ட் வகுத்த உயிர்விசையியல் என்ற நடிகர் பயிற்சி, ருடால்ஃப் லாபான் செய்த அசைவுப் பகுப்பு என்று பலவும் கலந்து வரும். போன ஆண்டு அப்படி ஒரு பட்டறைக்கு ஐந்து பேர் போனோம். சிமெண்டுத் தரை. உடம்பைச் சூடாக்காமலேயே விழும் பயிற்சி தொடங்கியது. எங்கள் மாணவன் ஒருவன் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு மூன்று வாரம் பேனா பிடிக்க முடியாமல் இருந்தான். பயிற்சியாளர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் தரையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் பொறுப்பின்மை. அன்றிலிருந்து எந்தப் பயிற்சிக்கும் முதல் கேள்வியாகத் தரையைத்தான் கேட்கிறேன். மண், புல், மரப்பலகை என்றால் சரி. சிமெண்டு, டைல்ஸ் என்றால் குதிப்பதும் விழுவதும் கிடையாது.

ஆனால் இந்த மேலைநாட்டுப் பயிற்சிகளிலிருந்து எங்களுக்கு இரண்டு கருவிகள் கிடைத்தன, இரண்டும் செலவில்லாதவை. ஒன்று மேயர்ஹோல்ட் வலியுறுத்திய எதிர்த்திசை அசைவு. முன்னே பாய்வதற்கு முன் சற்றுப் பின்வாங்குவது, எழுவதற்கு முன் சற்று அமிழ்வது. கல்லெறிபவர் கையைப் பின்னுக்கு இழுக்கிறார் அல்லவா, அதை ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் தெரிந்தே வைப்பது. தூரத்தில் இருக்கும் பார்வையாளருக்கு, ஏதோ நடக்கப்போகிறது என்று அந்தச் சிறு பின்வாங்கல்தான் அறிவிக்கிறது. மற்றொன்று லாபானின் எட்டு. எடை, வேகம், திசை ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிக் கோத்தால் குத்துதல், வீசுதல், அழுத்துதல், முறுக்குதல், சுண்டுதல், தட்டுதல், வழுக்குதல், மிதத்தல் என்று எட்டு வகை அசைவு கிடைக்கும். புயலை இந்த எட்டாகப் பிரித்துக்கொண்டபோது ஒத்திகை தெளிந்துவிட்டது. இரவு பதினொரு மணிக் காற்று சுண்டுகிறது. மூன்று மணிக்கு வீசுகிறது. விடியும்போது அழுத்துகிறது, மரத்தை முறுக்குகிறது. எல்லாம் முடிந்த பிறகு முந்திரி இலைகள் மிதந்து இறங்குகின்றன. "இன்னும் பலமாக", "இன்னும் உணர்ச்சியாக" என்று நான் கத்திக்கொண்டிருந்தது நின்றுபோய், "அழுத்து", "சுண்டு" என்று ஒற்றைச் சொல்லில் வேலை நடக்கிறது. இதற்கு ஆசிரியரே தேவையில்லை. ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும்.

குறை என்னவென்றால் குரல். நான் பார்த்த பட்டறைகளில் உடல் ஒரு வகுப்பு, குரல் வேறொரு வகுப்பு. இரண்டும் சேர்கிற இடத்தில் நேரம் முடிந்துவிடும்.

இனி தெருக்கூத்து. இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்று படிப்பவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அர்ச்சுனன் தபசு நினைவிருக்கும். ஓங்கிய பனைமரத்தில் படிபோல் குச்சிகள் அறைந்திருக்கும். அர்ச்சுனன் வேடக்காரர் ஏறுகிறார். ஏறிக்கொண்டே பாடுகிறார். ஒரு படி, ஒரு பாட்டு. உச்சியில் உட்கார்ந்து திருநீறும் எலுமிச்சம்பழமும் வீசும்போது, கீழே பிள்ளை வரம் வேண்டி மடியேந்தி நிற்கும் பெண்களுக்கு அவர் பாடும் சொல் விளங்குகிறது. சின்ன வயதில் அதிசயமாகப் பார்த்ததை இப்போது தொழில்முறைக் கேள்வியாகப் பார்க்கிறேன். மரம் ஏறிய மனிதர் எப்படிப் பாடுகிறார்? மூச்சு எங்கிருந்து வருகிறது?

விடை கூத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கூத்தாடுபவர் தனியாகப் பாடுவதில்லை. அவர் ஒரு வரியை எடுப்பார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் தாளமும் அந்த வரியைச் சுமந்து போகும்போது அவர் அடவு போடுகிறார், கிரிக்கி அடித்துச் சுழல்கிறார், தாளம் அறுதிக்கு வரும் இடத்தில் நின்று அடுத்த வரியை எடுக்கிறார். ஆட்டத்தின் உச்சமும் பாட்டின் உச்சமும் ஒரே கணத்தில் விழாதபடி மாறி மாறிக் கோத்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை, கல்யாண முருங்கை மரத்தில் செய்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்புப் பதக்கத்தையும் சுமந்து, சலங்கை கட்டி ஆடுபவர் குரல் கெடாமல் இருப்பதன் சூட்சுமம் இந்தக் கோப்பில் பாதி. மற்றப் பாதி, நிற்கும் நிலையில் இருக்கிறது. பாதம் அகல, முட்டி இளக, மார்பு திறந்து, முகம் கூட்டத்தை நோக்கி. மூன்று பக்கமும் உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்காக அமைந்த நிலை அது. கடைசியில் நிற்பவருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து கூத்து வாத்தியார் ஒருவரை வரவழைத்தோம். அறுபதைத் தாண்டியவர். எங்கள் ஒத்திகையை முழுவதும் உட்கார்ந்து பார்த்தார். முந்திரி மரம் விழுந்து எழுந்து, வழக்கம்போல் சத்தமின்றி வாய் அசைத்தது. வாத்தியார் எழுந்து வந்தார்.

"விழும்போது வாயைத் திறந்து விழுகிறீர்கள் அம்மா. காற்றெல்லாம் அங்கேயே போய்விடுகிறது. அடுத்து என்ன சொல்லப் போகிறீர்கள்?"

"முப்பது வருஷத்து மரம் என்று சொல்ல வேண்டும் ஐயா."

"முதல் எழுத்து என்ன? மு. அதற்கு உதடு மூட வேண்டும். விழுவதற்கு முன்பே அந்த உதட்டை மூடிக்கொள்ளுங்கள். அந்த எழுத்தை வாயில் வைத்துக்கொண்டே விழுங்கள். எழுந்து உதட்டைத் திறந்தால் சொல் வந்துவிடும்."

அக்கா மறுபடி நின்றார், முறுக்கினார், உதட்டை மூடிக்கொண்டு விழுந்தார். மூச்சு மூக்கு வழியாக மெல்ல உள்ளே போவதை நாங்கள் விலா எலும்பின் அசைவில் பார்த்தோம். எழுந்தபோது "முப்பது" என்ற சொல் திடலின் மதில்வரை போயிற்று. வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு, "இன்னும் பத்து முறை" என்றார். அசைவையும் எழுத்தையும் இப்படி ஒன்றாக முடிந்து கொடுக்கும் ஆசிரியரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. என் அளவுகோலில் இருந்த கேள்விக்கு நேரான விடையை, கேள்வியைச் சொல்லாமலேயே, அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்.

கூத்தை நவீன நடிகரின் பயிற்சிக்கு எடுப்பது புதிதும் அல்ல. 1977 இல் தொடங்கிய சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையை நடத்திய ந. முத்துசாமி புரிசை ஊரின் தெருக்கூத்தை நோக்கிப் போனதற்குக் காரணம் நடிகரின் உடல்தான். பாரிசின் தியேத்ர் து சொலெய் குழு 2016 இல் அரங்கேற்றிய நாடகத்துக்குள் தெருக்கூத்துக் காட்சிகளே இடம்பெற்றன. அந்த நடிகர்கள் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் பயின்றவர்கள். தமிழ் தெரியாதவர்கள் அடவோடு தமிழ்ப் பாட்டையும் சேர்த்தே கற்றார்கள் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

குழுவுக்குள் மறுப்புகளும் வந்தன. பரதம் பதிக்கிற முத்திரையைக் குறை சொன்ன நான், கூத்தும் முத்திரை பதிக்கும் என்பதை ஏன் மறந்தேன் என்று மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. மேடையில் யாரும் கிரிக்கி அடிக்கப் போவதில்லை, சலங்கை கட்டப் போவதில்லை. நிலையும் மூச்சும் வரியை விட்டு வாங்கும் ஒழுங்கும்தான் வேண்டும் என்றேன். வாத்தியாரிடம் சொன்னபோது அவர் அதை அப்படியே ஏற்கவில்லை. முதலில் அடவை முழுதாகப் பழகுங்கள், பிறகு எதை விடுவது என்று நீங்களே பாருங்கள், பழகாமலேயே பிழிந்தெடுக்க முடியாது என்றார். அவர் சொல்வதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு மறுப்பு, கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி வந்தார்களே, எங்கள் நான்கு பெண்களுக்கு அவர் எப்படிக் கற்றுக் கொடுப்பார் என்பது. இன்று பெண்களும் கூத்தாடுகிறார்கள். வாத்தியார் தயக்கமில்லாமல் வரிசையில் எல்லோரையும் ஒன்றாகவே நிறுத்தினார்.

பணம் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிட்டோம். நாட்டுப்புறக் கலை என்றதும் பயணப்படியும் ஒரு சால்வையும் போதும் என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேலைநாட்டுப் பட்டறைக்கு நாங்கள் ஆளுக்குக் கட்டிய கட்டணத்தை 11 ஆல் பெருக்கி, அதற்குக் குறையாமல் வாத்தியாருக்குத் தருவதாக முடிவு செய்தோம். மழைக்காலத்தில் கூத்து நாட்கள் குறைவு என்பதால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை அவருக்கும் வசதி. மழை பெய்தால் ஒதுங்க, மண் தரையுள்ள கொட்டகை ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம்.

இவற்றோடு எந்த ஆசிரியரும் கட்டணமும் இல்லாத இன்னொன்றையும் சேர்த்திருக்கிறேன். கரைவலை இழுப்பவர்களைப் பார்க்க விடிகாலையில் தேவனாம்பட்டினம் கரைக்குப் போவது. வேடிக்கை பார்க்கும்போது கையால் இழுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். பக்கத்தில் போய் நின்றால் கை ஏறக்குறைய சும்மா இருப்பது தெரியும். குதிகால் மணலில் புதைகிறது, இடுப்பு பின்னால் சரிகிறது, முழு எடையும் கயிற்றில் தொங்குகிறது. பிறகு ஓர் எட்டு பின்னால். எடை சரிகிற கணத்தில்தான் அம்பாப் பாட்டின் குரல் எழுகிறது. ஒருவர் எடுக்க மற்றவர்கள் வாங்க, வாங்குகிறவர்களின் மூச்சில் வலை நகர்கிறது. கூத்துக்காரரும் பின்பாட்டும் செய்வதையே இவர்கள் கடலோடு செய்கிறார்கள். எங்கள் நாடகத்தில் சாய்ந்த மரத்தைக் கயிறு கட்டி அகற்றும் காட்சி ஒன்று உண்டு. அதற்கு வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

ஆகவே 48 மணி நேரத்தை இப்படிப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு வகுப்பின் முதல் 15 நிமிடம் யோகா. அது மொத்தம் 6 மணி நேரம். கூத்து அடவும் பாட்டும் 30 மணி நேரம். மீதி 12 மணி நேரம் லாபானின் எட்டை வைத்து நாடகத்தின் காட்சிகள். கடற்கரைக்குப் போவது இந்தக் கணக்கில் வராது. அது அவரவர் விடிகாலை.

மூடிய அரங்கில், நூறு பேருக்குள், பேச்சு குறைந்த நாடகம் போடும் குழுவாக இருந்தால் நான் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியிருப்பேன். அங்கே லெகோக் வழியோ கூடியாட்ட மூச்சுப் பயிற்சியோ முன்னால் வரும். விரல் நுனியும் இமையும் தெரிகிற தூரத்தில் கூத்தின் அகன்ற நிலை அளவுக்கு மீறித் தெரியக்கூடும். மொழியில்லாத நாடகத்துக்கு என் அளவுகோலே பொருந்தாது. திறந்த வெளியில், தமிழில், பல வயதினர் கலந்த குழுவாக, வார இறுதியில் மட்டும் கூடுகிறவர்களுக்குத்தான் இந்த முடிவு.

மின்வாரிய அண்ணனைப் பற்றி மட்டும் இன்னும் யோசனையாக இருந்தது. தானே புயல் முடிந்து வாரக்கணக்கில் கம்பம் நட்டவர் அவர். மின்கம்பம் எப்படிச் சாயும் என்று எங்களுக்கு நின்று காட்டியவரும் அவர்தான்: அடியில் ஒரு நடுக்கம், பிறகு கம்பிகள் பிடித்து இழுக்க ஒரு தயக்கம், அதன் பிறகே சாய்வு. ஆனால் அடவு வரிசையில் பத்து நிமிடத்துக்கு மேல் அவர் முட்டி தாங்கவில்லை. வாத்தியார் அவரைத் தனியே அழைத்துத் தம் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு ஜோடித் தாளத்தைக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அவருடைய தட்டுக்கு மற்ற பத்துப் பேரின் காலும் கட்டுப்பட்டது. அவர் பின்பாட்டில் உட்கார்ந்து தாளம் போடுவார், வரியை வாங்குவார், மின்கம்பம் வரும் காட்சிக்கு மட்டும் எழுந்து வருவார். வாத்தியாருடையது அவருடைய குருவிடமிருந்து வந்த தாளம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஜோடி வேண்டும். வெண்கலத்தில், ஓசை நீண்டு நிற்கும்படி பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைக்குள் வாங்கிவிட வேண்டும்.